முள் நிற்கட்டும்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சிரித்திருக்கக் கூடாது. "அப்பா, இங்க ஜனாதிபதி தேர்தல் வருதுங்க. எனக்கு முதல் ஓட்டு. யாருக்குப் போடறதுன்னு ஒரு வாரமாக் குழம்பிட்டு இருக்கறேன். நீங்கல்லாம் எப்பிடி முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டாய். அத்தனை பெரிய தேசத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க, டீ ஃபேக்டரியில் முப்பது வருடம் டிரையர் ஓட்டி ரிட்டையர் ஆகிவிட்டு, அரவேணு பேக்கரி வாசலில் வெட்டிப்பேச்சுப் பேசிக்கொண்டிருக்கும் என்னிடம் யோசனை கேட்கிறானே என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நீ "சரிங்க, விடுங்க" என்று சொல்லி, இன்னும் நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டாய். உன் அம்மா என்னை முறைத்தாள். "அவன் தெரியாமத்தான கேட்டான்? உங்க கதையை எடுத்துச் சொன்னா என்னவாம்?" என்றாள். எந்தக் கதை என்று கேட்டேன். "தெரியாத மாதிரி நடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தக் கதையைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடியுரிமைப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நீயும் மருமகளும் நிற்கும் படத்தை இந்த மலையில் பார்க்காத ஆள் கிடையாது. பஸ் கண்டக்டரிடம்கூடக் காட்டிவிட்டேன். அங்கேயே பிறந்த பெண்ணைக் கட்டினாய், அந்த வழியில் நீயும் அந்த நாட்டுக்காரன் ஆனாய். இனி இங்கே உனக்கு ஓட்டு இல்லையே என்று உன் அம்மா அரை மணி நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பேக்கரி வர்க்கி வாங்கி வரச் சொல்லி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். எனக்கு அழுகை வரவில்லை. என் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் சிலோன் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து சுமந்து, பாதி ஆயுள் வரைக்கும் எந்த நாட்டிலும் ஓட்டு இல்லாத மனிதராக இருந்தவர். கப்பலேறி இங்கே வந்து முதல் தடவை ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அன்று, மை வைத்த விரலைத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கையாலேயே குளித்தாராம். அவருடைய பேரனுக்கு அமெரிக்காவில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஓட்டு என்றால், நான் பஸ் கண்டக்டரிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது?

நீ குழம்புவதற்கு என்ன காரணம் என்பதும் எனக்குப் புரிந்தது. நீ அதைக் கடைசியில், பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாய். பக்கத்து வீட்டுப் பெரியவர், உன் முதல் பனிக்காலத்தில் தன்னுடைய கோட்டைக் கழற்றிக் கொடுத்தவர், கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர், தன் வேட்பாளரின் பெயர் எழுதிய பலகையை அவர் வாசலில் நட்டதோடு உன் வாசலிலும் ஒன்றை நட்டுவிட்டார். நீ அதைப் பிடுங்கவில்லை. "அவர் அவ்வளவு செஞ்சிருக்காருங்கப்பா, எப்பிடிங்க மாத்திப் போடறது?" என்றாய். மருமகள் யாருக்குப் போடப்போகிறாள் என்று கேட்டதற்கு, அவள் முடிவு செய்துவிட்டதாகவும் உன்னிடம் சொல்ல மறுப்பதாகவும் குறைப்பட்டாய். நல்ல பெண். அந்த இடத்தில்தான் நான் சிரிப்பதை நிறுத்தினேன். நானும் ஒரு காலத்தில் அடுத்தவர் வாசலில் பலகை நட்டவன்தான்.

நாற்பது வருடமாக இந்த மலையில் தேர்தல் பார்க்கிறேன். மனிதர்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அந்தக் காரணம் பெரும்பாலும் உண்மையாக இருக்காது. நம் ஃபேக்டரி வாட்ச்மேன் மாரிமுத்து, தன் மச்சான் யாருக்குப் போடுகிறான் என்று முதலில் விசாரித்துவிட்டு அதற்கு நேர் எதிராகக் குத்திவிட்டு வருவான். கொள்கை என்ன என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவான். சிலருக்கு ஜெயிக்கிற பக்கம் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டு வீணாகிவிட்டதாக வருத்தம். சிலருக்குத் தன் ஆள் என்றால் போதும், மேற்கொண்டு எதையும் பார்க்க மாட்டார்கள். கை கொடுத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, குழந்தைக்கு என்ன வகுப்பு என்று விசாரித்தால் உருகிவிடுகிறவர்கள் உண்டு. இவர்களையெல்லாம் பார்த்து நான் கிண்டலடிப்பேன். நான் மட்டும் யோசித்து முடிவெடுக்கிற ஆள் என்று எனக்கு நினைப்பு.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நம் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போதே அங்கே போய்விட்டாய். நாங்கள் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தோம், உன் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் அரவேணுவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வேலுசாமி அண்ணன், பூட்டுச் சின்னம். இன்னொருத்தி உன் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த ரெஜினா, மூக்குக் கண்ணாடிச் சின்னம். தேயிலை பறிக்கிற பெண், அதுவும் பெண்களுக்கென்று ஒதுக்காத இடத்தில், கடைக்காரரை எதிர்த்து நிற்கிறாள் என்றால் ஊரில் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று உனக்கே தெரியும். அந்தச் சிரிப்பில் பாதி என்னுடையது. ரெஜினா ஜெயித்த கதை உனக்குத் தெரியும், அன்றைக்கே போனில் சொன்னேன். நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லவில்லை.

வேலுசாமி அண்ணனுக்கு நாம் பட்டிருக்கும் நன்றிக்கடன் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டுக் குறுக்குப் பாதையில் வரும்போது காட்டெருமை துரத்தி, நீ தேயிலைக் காட்டின் வடிகால் குழியில் விழுந்து, இடது கால் முறிந்து கிடந்தாய். உன் சத்தம் கேட்டு ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்தவர் அவர். கடைச் சரக்கை வழியிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் உன்னைக் கோத்தகிரிக்கும், அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கும் கொண்டு போனார். இன்றைக்கு நீ அங்கே பனியில் ஓடுகிறாய் என்றால் அந்த ஜீப்பும் ஒரு காரணம். அவர் தேர்தலில் நிற்கிறார் என்று கேட்டதும் எனக்கு யோசிக்க எதுவுமே இருக்கவில்லை. நேராகக் கடைக்குப் போய், "அண்ணா, எங்க லைன் ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான். நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அதை நீ கவனித்துக்கொள்.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு அப்போது லைனில் கொஞ்சம் மரியாதை இருந்தது, அது தலைக்கு ஏறியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஒரு ஆம்பிளை என்று மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டி வந்து, தட்டில் சூடம் ஏற்றி, "எங்க ஊட்டு ஓட்டெல்லாம் பூட்டுச் சின்னத்துக்கே" என்று ஒவ்வொருவனாக அடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன். முதலில் அடித்தது நான். பெண்கள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதுதான் இவ்வளவு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "ஏனுங்க, சூடம் அடிச்சீங்களாமே?"

"ஆமா. நன்றின்னு ஒன்னு இருக்குதில்ல?"

"இருக்குதுங்க. பையன் காலை மடியில வெச்சுக்கிட்டு அந்த ஜீப்புல போனவ நான். எனக்கு மறக்குமா? ஆனா என்ற ஓட்டுக்கு நீங்க எப்பிடிச் சத்தியம் பண்ணுனீங்க?"

"ஊட்டுக்கு ஒருத்தர் பண்ணுனாப் போதாதா?"

"ஊட்டுக்கு ஒரு ஓட்டாங்க குடுத்திருக்காங்க? எனக்குத் தனியாச் சீட்டுத் தராங்க. தனியா விரல்ல மை வெக்கறாங்க. உங்க சூடம் உங்க விரலோட நிக்கட்டும்."

நான் கத்தினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் பசி தாங்காமல் சாப்பிட்டேன். அவள் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. ரெஜினாவுக்குத்தான் போடப்போகிறேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெண்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாயங்காலம் இலை எடை போடுகிற இடத்தை நீ பார்த்திருக்கிறாய். மூன்று கால் நாட்டிய கம்பத்தில் தராசு தொங்கும், மூட்டையைக் கொக்கியில் மாட்டியதும் அது காற்றில் ஆடும், முள்ளும் சேர்ந்து ஆடும். கணக்குப்பிள்ளைக்கு எப்போதும் அவசரம். முள் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைக் கூப்பிடுவார். பறித்தவள் அலுப்பில் பேசாமல் நகர்ந்துவிடுவாள். ரெஜினா மட்டும் நகர மாட்டாள். "முள்ளு நிக்கட்டுங்க சார்" என்பாள். குரலை உயர்த்தாமல், சண்டைக்கும் போகாமல், அவ்வளவுதான் சொல்வாள். தன் மூட்டைக்கு மட்டும் என்றால் யாரும் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். வேலைக்குப் புதிதாக வந்து பேசப் பயந்து நிற்கிற பெண்ணுடைய மூட்டைக்கும், தன்னோடு ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவளுடைய மூட்டைக்கும் அதே வார்த்தையைச் சொல்வாள். எத்தனையோ வருடமாக எல்லாப் பெண்களும் அதைத் தினமும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அதற்காக மட்டும் அவர்கள் ரெஜினா பக்கம் போய்விடவில்லை. அங்கேதான் உன் அம்மாவைப் பாராட்ட வேண்டும். "அவ நம்ம ஆளுன்னு போட்டா, ஆம்பளைங்க செய்யறதும் நம்ம செய்யறதும் ஒன்னுதான்" என்று நிரையில் வைத்துச் சொன்னவள் அவள்தான். ரெண்டு பேரும் எத்தனை தடவை வந்தாலும் வரட்டும், கடைசி வாரம் வரைக்கும் யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது, இதுவும் முள் நிற்கிற வேலைதான் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். அண்ணன் முதலில் மாலையோடும் மைக்கோடும் வந்தார். லைனுக்கு ரோடு போட்டுத் தருகிறேன் என்றார், நாங்கள் கை தட்டினோம். நம் லைனுக்கு ரோடு என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். பிரசவ வலி எடுத்தவளைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு, உடைந்த பாலத்தைத் தாண்டி மெயின் ரோட்டு வளைவு வரைக்கும் நடந்தால்தான் ஆம்புலன்ஸ். பெண்களில் ஒருத்தி, "வழியெல்லாம் எஸ்டேட் நிலமாச்சுங்களே, எப்பிடிப் போடுவீங்க?" என்று கேட்டாள். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் தாயீ" என்றார். அடுத்த தடவை அதே கேள்விக்கு அதே பதில். கடைசியில் அவர் வரவில்லை, மருமகனை அனுப்பி வைத்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை, எங்கள் லைன் ஓட்டுத்தான் மொத்தமாக வருகிறதே என்று நம்பிவிட்டார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான்.

ரெஜினா சொன்னது வேறு. "ரோடு என் கையில இல்லீங்க. எஸ்டேட்டு சம்மதிக்கோணும், அதுக்கு எழுதிக் கேட்டுட்டே இருப்பேன், எப்ப நடக்கும்னு சொல்லத் தெரியல. தண்ணித் தொட்டி முடியும். பாலம் முடியும்னு நினைக்கறேன்" என்றாள். கூட்டத்தின் பின்னால் நின்று நான்தான் கத்தினேன், "முடியாதுன்னு சொல்லி ஓட்டுக் கேக்கற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று. ஆம்பிளைகள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கடைசித் தடவை அவள் தனியாக வந்தாள். எதையும் கேட்கவில்லை, போன தடவை யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்திருந்த தாளை வாசித்துக் காட்டி, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாளாம். அன்றைக்குத்தான் முள் நின்றது என்று உன் அம்மா சொல்வாள்.

எனக்கும் அது தெரியாமலில்லை, கண்ணு. அதுதான் என் வேதனை. கூட்டத்தில் கத்திவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில், அந்த உடைந்த பாலத்தைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு பேரில் பொய் சொல்லாதவள் யார் என்று. ஆனால் சூடம் அடித்துவிட்டேன். உன் காலை நினைத்தால் அண்ணன் முகம் வருகிறது. ஓட்டுப் போடுகிற அன்று காலையில் நல்ல உறைபனி. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். தலைவர் பதவிக்கு ரோஸ் நிறச் சீட்டு. அட்டை மறைப்புக்குள் போய் முத்திரையைக் கையில் எடுத்தேன். பூட்டின் மேல் குத்தினேன். சத்தியம் முடிந்தது. சீட்டை மடிக்கப் போனேன், மடிக்க முடியவில்லை. அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேலும் ஒன்று குத்திவிட்டேன்.

ஆமாம். இரண்டு பேருக்கும் போட்டேன். உன் தாத்தா பாதி ஆயுள் காத்திருந்து வாங்கிய ஓட்டை, யார் மனமும் நோகக் கூடாது என்று செல்லாத ஓட்டாக்கி மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வந்த உடனே எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அந்த அளவுக்கு முட்டாளாக இருந்தேன்.

எண்ணுகிற அன்றைக்குக் கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு. நான் அண்ணனுடைய ஏஜெண்ட். காலையில் கிளம்பும்போது உன் அம்மா வேலைக்குப் போகிற மாதிரித்தான் இருந்தாள். அண்ணனோடு சுற்றிவிட்டு உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன், மேசைக்கு எதிர்ப்பக்கம், தீபாவளிச் சேலையில் ஏஜெண்ட் அட்டையைக் குத்திக்கொண்டு, ரெஜினாவுக்காக உன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். "வாங்க, டீ குடிச்சீங்களா?" என்று வேறு கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் பூத்துப் பெட்டியைக் கொட்டினார்கள். ஒரு டீச்சரம்மா ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து எங்கள் இரண்டு பக்கமும் காட்டிவிட்டு அந்தந்தக் கட்டில் வைத்தார். பூட்டு, கண்ணாடி, கண்ணாடி, பூட்டு, கண்ணாடி. அப்போது ஒரு சீட்டைப் பிரித்தவர் கொஞ்சம் நிறுத்தி, உயரத் தூக்கிக் காட்டினார். இரண்டு சின்னத்தின் மேலும் அழுத்தமாக, கோணாமல், ஆளுக்கொரு முத்திரை.

"யாரோ ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டாங்க" என்று ஒருவன் சொன்னான். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணு. என் ஓட்டைப் பார்த்து நானே பல்லைக் காட்டிச் சிரித்தேன். டீச்சரம்மா "செல்லாது" என்று சொல்லித் தனியாக வைத்தார். எதிர்ப்பக்கம் உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்துகொண்டாள்.

ரெஜினா ஒன்பது ஓட்டில் ஜெயித்தாள். ஒன்பதே ஒன்பது! எங்கள் லைன் பெண்கள் நாற்பது பேருக்கு மேல். ஆம்பிளைகள் அடித்த சூடமெல்லாம் அந்த நாற்பது விரலுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போனது. முடிவைச் சொன்னதும் வெளியே எழுந்த சத்தம் இருக்கிறதே, அதை நீ கேட்டிருக்க வேண்டும். பாதிப் பேர் காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள், சேலை நனையாமல் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், மற்றவர்கள் அவளைப் பிடித்துச் சுற்றுகிறார்கள், சர்ச்சுப் பாட்டும் மாரியம்மன் குலவையும் ஒரே நேரத்தில் கேட்கிறது. உன் அம்மாவைக் கல்யாணத்தன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை. அவள் ஆடினாள். தோற்ற பக்கத்து ஏஜெண்டாகச் சுவரோரம் நின்றுகொண்டிருந்த எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமை பொங்கியது. அதை வெளியே காட்ட முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் சாயங்காலம் எடை போடும் இடத்தில் முதல் மூட்டையை மாட்டியதும், கணக்குப்பிள்ளையே சிரித்துக்கொண்டு "இருங்க, முள்ளு நிக்கட்டும்" என்றாராம்.

பஸ்ஸில் திரும்பும்போது உன் அம்மா மெதுவாகக் கேட்டாள். "ரெண்டு பேருக்கும் குத்துனது நீங்கதானுங்களே?" எப்படித் தெரியும் என்றேன். "உங்க மூஞ்சியைப் பாத்தேன்" என்றாள். பிறகு, "அண்ணனுக்கு நாம செய்ய வேண்டியது இருக்குதுங்க. அதை ஓட்டுல கொண்டு போய் ஏன் வெச்சீங்க?" என்றாள். இந்த ஐந்து வருடத்தில் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை, என்னைக் குத்திக் காட்டியதும் இல்லை. உனக்கு நான் சொல்ல வேண்டும் என்று விட்டு வைத்திருக்கிறாள்.

மறுநாளே என்னை அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். தோற்றவர் வீட்டுக்கு யாரும் வந்திருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், சூடம், சீட்டு, இரண்டு முத்திரை, எல்லாம். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஏப்பா, அன்னிக்கு ஜீப்பை நிறுத்துனது உன்ற பையன் போட்ட சத்தத்தைக் கேட்டு. நீ ஓட்டுப் போடுவேன்னா நிறுத்துனேன்? அப்ப நான் எலெக்‌ஷன்ல நிக்கறதாவே இல்லையே" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. அவரே சிரித்துவிட்டார். "எனக்கும் ஆவல, அந்தம்மாவுக்கும் ஆவல, உனக்கும் ஆவாமப் போச்சே அந்த ஓட்டு" என்றார். அன்றிலிருந்து அவர் கடையில் கணக்கெடுப்பு நாளானால் நான் போய்க் கூட நிற்கிறேன். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது உன் அம்மாதான் பதினோரு நாள் கூட இருந்தாள். இப்போது நாங்கள் அவர் முகத்தை நேராகப் பார்க்கிறோம்.

ரெஜினா தண்ணீர்த் தொட்டியை முதல் வருடமே முடித்தாள். பாலம் இழுத்தடித்து வந்து சேர்ந்தது. ரோட்டுக்கு எழுதினாள், எழுதினாள், எழுதிக்கொண்டே இருந்தாள். சொன்ன மாதிரியே எப்போது நடக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. போன மாதம் நடந்துவிட்டது! எஸ்டேட்டு வழி விட்டது, கான்கிரீட் ரோடு லைன் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. முதல் வண்டியாக எது ஏறியது என்று நினைக்கிறாய்? வேலுசாமி அண்ணனின் அதே பழைய ஜீப். ரெஜினா போய்க் கூப்பிட்டாளாம். அவர் ஓட்ட, முன் சீட்டில் அவள், பின்னால் பெண்கள் அடைசலாக. கொட்டு, குலவை, விசில். நான் ரோட்டோரத்தில் நின்று அடித்த விசிலில் இருமல் வந்து உன் அம்மா முதுகைத் தட்டிவிட்டாள். அடுத்த வாரமே ஆம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டு போனது. அவள் படுத்துக்கொண்டு போகவில்லை, உட்கார்ந்து கை காட்டிக்கொண்டு போனாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அங்கே நிற்கிற இரண்டு பேரில் யார் நல்லவர் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை அடுத்தவர் ஓட்டுக்கு நான் வாக்குக் கொடுத்த லட்சணம் போதும். டிவியில் இரண்டு பேரும் பேசுவதைப் பார்த்தேன், முள் பயங்கரமாக ஆடுகிறது. ஆடும்போது எண்ணைப் படிக்காதே. தன்னால் முடியாதது இன்னதென்று யார் சொல்கிறார்கள் என்று பார். பேச முடியாமல் நிற்கிறவனுடைய மூட்டைக்காகவும் யார் வாய் திறக்கிறார்கள் என்று பார். பிறகு உனக்குத் தோன்றியபடி செய். அது அந்தப் பெரியவரின் ஆளாகவே இருந்தால் அவருக்கே போடு, ஆனால் கோட்டுக்காகப் போடாதே. மருமகளை நச்சரிக்காதே. உன் அம்மா அன்றைக்கு யாருக்குக் குத்தினாள் என்பதை இன்றைய தேதி வரைக்கும் அவள் வாயால் எனக்குச் சொன்னதில்லை, நானும் இப்போதெல்லாம் கேட்பதில்லை. ஓட்டுப் போட்டுவிட்டுக் கூப்பிடு. வரிசை எவ்வளவு நீளம், குளிர் எப்படி, அங்கே விரலில் மை வைப்பார்களா, எல்லாம் சொல். யாருக்கு என்று மட்டும் சொல்லாதே. நான் ஆசை தாங்காமல் கேட்டாலும் சொல்லாதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. வர்க்கி நொறுங்கிப் போயிருக்கும், பரவாயில்லை, தின்னு. உள்ளே நம் ஃபேக்டரி டீத்தூள் இரண்டு பொட்டலம் இருக்கும், நானே நின்று பார்த்து வாங்கியது. சிறியது உங்களுக்கு. பெரியதில் உன் அம்மா மஞ்சள் நூல் சுற்றியிருக்கிறாள், அது பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், நீயே பால் காய்ச்சி, டீ போட்டுக் கொடுத்து, என் பிள்ளைக்கு அவர் கொடுத்த கோட்டைப் பற்றி இந்த மலையில் இரண்டு பேர் தினமும் பேசுகிறார்கள் என்று சொல்.

டீ அவருக்கு. ஓட்டு உனக்கு.

அப்பா